நெல்லுக்குள் முதிர்ந்த வைன்

ஒரு கார்க் திருகியையும், கைலித் துணியில் சுற்றிய ஒரு போத்தல் இனிப்பு வைனையும் தூக்கிக்கொண்டு மன்னாருக்குப் போன ஆள் அநேகமாக நான் ஒருவன்தான். அந்தப் பக்கம் போகிறவர்கள் மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டு போவார்கள், பறவை பார்க்கப் போவார்கள், கருவாடு வாங்கப் போவார்கள். நான் ஒரு பெண்ணிடம் ஒரு கேள்விக்குப் பதில் வாங்கப் போனேன்.

கேள்வி லம்பேட் அண்ணனுடையது. அவர் தலைமன்னார்க்காரர்; நான் மண்டபம் பக்கம். எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் கடலும் சில மணல் திட்டுகளும்தான். ஆனால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு, சிசிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையில் கிடக்கிற பந்தெலேரியா என்ற இத்தாலியத் தீவு வரைக்கும் போக வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்து, கப்பலில் பாத்திரம் கழுவி, துபாயில் கல் சுமந்து, எங்கும் கால் தரிக்காமல் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு நான் எதுவும் செய்வேன்.

வேலை திராட்சைத் தோட்டத்தில். ஓயாமல் காற்றடிக்கிற தீவு என்பதால் அங்கே கொடியைப் பந்தலில் ஏற்ற மாட்டார்கள். கருப்பு மண்ணில் குழி தோண்டி, அந்தக் குழிக்குள் குள்ளமாக வளர்ப்பார்கள். பழம் பறிக்க முழங்காலில் நிற்க வேண்டும். ஆவணி வெயிலில் பறித்த குலைகளைப் பாயில் பரப்பிக் காயப்போட்டு, ஒரு பக்கம் சுருங்கியதும் மறுபக்கம் புரட்டி, இரவில் பனி படாமல் மூடி வைக்க வேண்டும். காய்ந்த பழத்தைக் காம்பிலிருந்து கையால் உதிர்த்து, நொதித்துக்கொண்டிருக்கும் புதுச் சாற்றில் போடுவார்கள். அதிலிருந்து வருகிற வைனுக்குப் பசீத்தோ என்று பெயர். சாப்பாடு முடிந்த பிறகு ஒரு சின்னக் கிளாஸ் குடிப்பார்கள். அதற்கு மேல் குடிக்கிற பண்டம் இல்லை அது. லம்பேட் அண்ணனுக்குக் கருவாடு காயப்போட்டுப் பழகிய கை. மற்றவர்கள் குலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் பாதிப் பாயைப் புரட்டி முடித்திருப்பார்.

ஒவ்வொரு வருடமும், ஊருக்குப் போகிற யார் கையிலாவது ஒரு போத்தலை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். "வெளிச்சம் படாமல் படுக்கப் போட்டு வை" என்று மட்டும் மனைவிக்குச் சொல்லியனுப்புவார். பேச்சுக் குறைந்த மனுசன்.

இந்த வருடம், மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. அதற்காக அவர் எத்தனை வாசல்களில் நின்றார் என்பது எனக்குத் தெரியும். சந்தோஷமாகத் தொலைபேசியில் சொன்னார். மனைவி றீற்றா, "நான் வரேல்லை" என்று சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அந்த அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. அதற்குள் அவர்கள் விண்ணப்பிக்காவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அந்தச் சமயம் நான் ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னதும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வம், சுத்திக்கொண்டு போறது பறவாயில்லையெண்டா எங்கட வீட்டையும் ஒருக்காப் போ. நான் முதல் அனுப்பின போத்தல் இப்ப நல்லா வந்திருக்கும். அதைத் திறந்து எல்லாரும் குடியுங்கோ. பேந்து ஏனெண்டு கேள்."

முதலில் குடி, பிறகு கேள்வி. அது தலைகீழான திட்டம் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

மன்னார்ப் பட்டினத்தில் என்னை ஏற்றிக்கொண்டது நிசாம் நானாவின் ஓட்டோ. மன்னார்த் தீவிலேயே இருக்கிற தாராபுரத்துக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள். தாடி நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை.

"இந்தியாவோ தம்பி?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பேச்சில. ஆனா ஏறி இருந்து போட்டுப் பேந்து விலை கேட்டனீங்கள் பாருங்கோ, அதில தெரிஞ்சுது, வெளிநாட்டில அடிபட்ட இந்தியன் எண்டு."

வழியில் கழுதைகள் நின்றன. எங்கள் ஊரில் மாடு நடுரோட்டில் நிற்கும். இங்கே அதே அதிகாரத்தோடு கழுதை நிற்கிறது. நிசாம் நானா ஹாரன் அடிக்கவில்லை. ஓட்டோவை நிறுத்தி, இறங்கி, ஒன்றின் கழுத்தில் கை வைத்து ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தார். "அதுக்குக் காது கேக்கும். கேட்டாலும் போகாது. எங்கட மச்சான் ஒருத்தர் இப்பிடித்தான்" என்றார்.

தாராபுரத்துக்குள் நுழையும்போது பின் சக்கரம் காற்றுப் போய்விட்டது. "பஞ்சர் ஆக வேண்டிய இடத்திலதான் ஆகியிருக்கு. அல்லாட காவல்" என்று சொல்லி, ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். அவர் மனைவி, யார் எவர் என்று கேட்காமல் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். பால் ஊற்றாத தேநீர், கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. எங்கள் ஊரில் பாலில்லாத டீயைக் காய்ச்சல்காரர்கள்தான் குடிப்பார்கள். நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

சக்கரத்தை மாற்றிக்கொண்டே நானா என் மடியில் இருந்த துணி மூட்டையைப் பார்த்தார். "கைப்பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறியள். என்ன அது?"

மறைக்காமல் சொன்னேன். அவர் கடைசி நட்டை இறுக்கினார்.

"எனக்கு ஹறாம். ஓட்டோ ஒண்டும் குடிக்கப் போறதில்லைத்தானே. ஏறுங்கோ."

றீற்றா அக்காவின் வீடு தலைமன்னாரில் கடலுக்குக் கிட்ட. முன்னறையில் தையல் மெஷின், சுவரில் திருஇருதயப் படம், வாசலில் மணல். மகள் ஜெனிக்குப் பதினைந்து வயது இருக்கும். நான் உள்ளே வந்ததும், "சாவோ, மாமா" என்று இத்தாலிய மொழியில் வணக்கம் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை.

ஆனால் அந்தச் சாப்பாட்டை நான் மறக்க மாட்டேன். சிவப்பரிசிச் சோறு, விளைமீன் குழம்பு, நண்டுப் பிரட்டல், முருங்கையிலைச் சொதி. எங்கள் பக்கத்து மீன் குழம்பில் புளி முன்னால் நிற்கும். இங்கே தேங்காய்ப்பாலும் வறுத்த மிளகாய்த்தூளும் முன்னால் வந்து, புளி பின்னால் இருந்து எட்டிப்பார்க்கிறது. இத்தனை வருடமாக லம்பேட் அண்ணன் அங்கே டின்னில் அடைத்த மீனைத் தின்றுகொண்டு எதை நினைத்துப் பெருமூச்சு விட்டார் என்பது அப்போது புரிந்தது.

அந்த நல்ல வேளையைக் கெடுத்தவன் நான்தான். துணியைப் பிரித்துப் போத்தலை மேசையில் வைத்தேன். சோறு போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அதை மேசையால எடுங்கோ தம்பி."

"அம்மா, வந்த ஆளோட..." என்றாள் ஜெனி.

"நீ சோத்தைப் பாத்துச் சாப்பிடு."

நான் போத்தலை எடுத்து என் காலடியில் வைத்துக்கொண்டேன். கை கழுவி வந்த பிறகு அக்காவே தொடங்கினார். குரலை உயர்த்தாமல், தைத்த துணியின் நூலை நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"என்ர அப்பா குடிவெறியில கடலுக்குப் போனவர். போட் வந்தது, அவர் வரேல்லை. எனக்கு அப்ப இவளின்ர வயசு. அதால, குடியாத மாப்பிள்ளை எண்டு விசாரிச்சு விசாரிச்சுக் கட்டினதுதான் இந்த மனிசனை. இஞ்ச இருந்தமட்டும் ஒரு துளி தொட்டதில்லை. அங்க போன முதல் வருசமே போத்தல் வருது. அடுத்த வருசமும் போத்தல். மற்ற ஆக்கள் பெஞ்சாதிக்குச் சொக்லேட் அனுப்புவினம், உடுப்பு அனுப்புவினம். எனக்குப் போத்தல். பெஞ்சாதிக்கே போத்தல் அனுப்புற மனிசன் தான் எவ்வளவு குடிப்பார்?"

"அவர்கிட்டயே கேட்டிருக்கலாமேக்கா?"

"கேட்டா? எந்தக் குடிகாரன் ஓம் எண்டு சொன்னவன்?" கத்தரிக்கோலை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார். "நீங்கள் கூட இருந்தனீங்கள். சொல்லுங்கோ. அவர் குடிக்கிறவரோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஜெனி அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள். ஆனால் அவர்கள் அங்கே போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பொய் உடையும். அதன் பிறகு அந்த மனுசன் சொல்லும் எதையும் இவர் நம்ப மாட்டார்.

"குடிப்பார்" என்றேன். "ஞாயித்துக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். சின்னக் கிளாஸ்ல இவ்வளவு." கட்டைவிரலைக் காட்டினேன்.

அவர் என் விரலைப் பார்க்கவில்லை. "ஓம் எண்டுறியள்" என்றார். எழுந்து குசினிக்குள் போய்விட்டார். பாத்திரங்கள் கழுவப்படும் சத்தம் மட்டும் கேட்டது. உண்மையைச் சொல்லி ஒரு குடும்பத்தின் கதவைச் சாத்திவிட்டேனோ என்று உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு தெளிவு இருந்தது. "நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ தம்பி. அந்தப் போத்தலுகள் எல்லாத்தையும் கொண்டு போங்கோ. கட்டுக்கரையில அக்கா வீட்டில நெல்லுக்குள்ள கிடக்கு. இஞ்ச வைச்சிருந்தா கரையில இருக்கிறவங்கள் மணத்திலயே கண்டுபிடிப்பாங்கள்."

"வேண்டாம்னா அப்பவே கொட்டியிருக்கலாமே?"

அவர் என்னை அஞ்ஞானியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "திராட்சை ரசமல்லோ! பூசையில வைக்கிறது. அதை மண்ணில ஊத்தலாமோ?"

"சாமியார் பூசையில வச்சாத்தானே அக்கா அது..."

"எது பூசைக்குப் போறது, எது போகாதது எண்டு எனக்குத் தெரியுமோ? லேபிளில திராட்சைக் குலை கிடக்கு. குடிக்கவும் ஏலாது, ஊத்தவும் ஏலாது."

"கோயிலுக்குக் கொடுத்திருக்கலாம்."

"குடுத்தா, லம்பேட் வீட்டுக்குப் போத்தல் வருது எண்டு ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும்."

இத்தாலியில் ஒரு நல்ல இனிப்பு வைனை முதிரவைப்பதற்குப் பணக்காரர்கள் நிலத்தடியில் அறை கட்டுகிறார்கள். வெளிச்சம் ஆகாது, ஆட்டக் கூடாது, தக்கை காயாமல் இருக்கப் படுக்கவைக்க வேண்டும், முக்கியமாக யாரும் தொடக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லோரும் தோற்றுப்போவார்கள். றீற்றா அக்கா கடவுளுக்குப் பயந்தும் குடியை வெறுத்தும் இந்த நான்கையும் நிறைவேற்றியிருந்தார்.

சாயங்காலம் கடற்கரையில் நடந்தேன். மேற்கே எங்கள் ஊர் இருக்கும் திசையில் ஒன்றும் தெரியவில்லை, காற்றுதான் முகத்தில் அறைந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர், "இந்தியாவோ? உங்க ஆக்கள் சுகமோ?" என்று கேட்டார். அக்கரையில் உள்ள எல்லோரையும் எனக்குத் தெரியும் என்பதுபோல. சுகம்தான் என்றேன். பதினைந்து வருடம் எங்கள் பக்கத்து அகதி முகாமில் இருந்து திரும்பியவராம். என் ஊர்ச் சந்தையின் பெயரைச் சொல்லி, அது இன்னும் திங்கட்கிழமைதானா என்று கேட்டார். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலையில் நிசாம் நானா வந்தார். அக்காவும் ஜெனியும் நானும் பின் இருக்கையில் நெருக்கிக்கொண்டோம். பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குப் போனதும் உப்புக் காற்று விட்டு, வயல் காற்று வந்தது. அறுவடை முடிந்து நெல்லின் அடித்தாள்கள் நின்றன.

"அங்கயும் இப்பிடிக் காத்தோ மாமா?" என்று ஜெனி கேட்டாள்.

"இதைவிட."

"அப்ப எங்களுக்குப் பழகினதுதான்."

"ஆர் உன்னைப் போகச் சொன்னது?" என்றார் அக்கா. ஜெனி வெளியே பார்த்தாள். முன்னால் இருந்து நிசாம் நானா, "பிள்ளை காத்தைப் பத்தித்தானே கேட்டது. காத்துக்கும் பாஸ்போட் வேணுமோ?" என்றார்.

றீற்றா அக்காவின் அக்கா பெயர் மெற்றில்டா. அவர் கணவர் அருளப்பு, கட்டுக்கரைக் குளத்து நீரில் வயல் செய்கிறவர், பருத்த, சாதுவான மனிதர். வீட்டின் இருட்டறை ஒன்றில் ஆள் உயர மரப்பெட்டி நிறைய நெல். போத்தல்கள் அடியில். அருளப்பு அண்ணன், "இண்டைக்கு வேண்டாம், நெல்லுக் கனக்கக் கிடக்கு, இன்னொரு நாள் பாப்பம்" என்று இரண்டு முறை சொன்னார். யாரும் கேட்கவில்லை. சாக்கு விரித்து நெல்லை அள்ளிக் கொட்டினோம். மூக்கிலும் கழுத்திலும் நெல்லின் தூசியும் தும்பும். முதலில் கையில் பட்டது ஒரு போத்தல், ஆனால் தக்கை இல்லை. வாயில் சீலைத் துண்டு அடைத்திருந்தது. முக்கால்வாசி அப்படியே இருந்தது, புளித்துப்போய்.

மெற்றில்டா அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எலியாயிருக்கும்" என்றார் அருளப்பு.

"ஓமோ? எலி தக்கையை உள்ளுக்குத் தள்ளிப்போட்டு, என்ர பழைய சீலையைக் கிழிச்சு அடைச்சதோ?"

ஜெனி சிரிப்பை அடக்க முடியாமல் நெல்லுக்குள் முகத்தைப் புதைத்தாள். அருளப்பு அண்ணன் கையை விரித்தார். "சாராயம் எண்டு நினைச்சன். மருந்துப் பாணி மாதிரி இனிக்குது. ரெண்டாம் மிடறு தொண்டையால இறங்கேல்லை. நான் லம்பேட்டை நினைச்சு அழுதனான். பாவம் மனிசன், அந்த ஊரில ஒழுங்கான சாராயமும் கிடையாது போல எண்டு."

எல்லோரும் சிரித்தோம், றீற்றா அக்காவைத் தவிர. அவர் தன் மச்சானைக் கூர்ந்து பார்த்தார். "இறங்கேல்லையோ? உங்களுக்கோ?"

"மாதா மேல சத்தியமா."

மற்றப் போத்தல்கள் பத்திரமாக இருந்தன. முதல் வருடத்தியதைத் தேடி எடுத்து, வாளியில் வைத்துக் கிணற்றில் இறக்கிக் குளிரவிட்டோம். கூடவே நான் கொண்டுவந்த புதியதையும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எல்லா இனிப்பு வைனும் வயதைத் தாங்காது. வடக்கு இத்தாலியில் மொஸ்காத்தோ என்று லேசாக நுரைக்கிற ஒன்று உண்டு. வாங்கிய வருடமே குடிக்காவிட்டால் அது மூடி திறந்து வைத்த சோடாதான். பசீத்தோ அப்படியில்லை. அதிலுள்ள இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நெடுங்காலம் நிற்கும். ஆனால் அங்கே குளிர்ந்த நிலவறைக்குள் மெதுவாக நடப்பது, இங்கே இந்த வெக்கையில் ஓட்டமாக ஓடியிருக்கும். போய்ச் சேர்ந்ததா, விழுந்ததா என்பது திறந்தால்தான் தெரியும்.

பழைய தக்கை திருகியோடு பாதிதான் வந்தது. மிச்சம் தூளாகி உள்ளே விழுந்தது. மெற்றில்டா அக்கா தேங்காய்ப்பால் வடிக்கிற துணியைக் கொடுத்தார். வடித்துத் தேநீர்க் கிளாஸ்களில் விரலளவு ஊற்றினேன். புதியது வாழைப்பூத் தேன் நிறம். பழையது கடும் சாயத் தேநீர் போல, விளிம்பில் மட்டும் பொன். புதியதைக் குடித்தால் பழமும் பூவும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பழையதில் இனிப்பு அடங்கியிருந்தது. முதலில் அத்திப்பழம், பிறகு வறுத்த வாதுமை, பிறகு ஆரஞ்சுத் தோலின் கசப்பு, எல்லாம் போன பிறகு நாக்கில் ஒரு துளி உப்பு. தோட்டத்துக்கு வருகிற விருந்தாளிகளுக்கு நான் நல்ல வைன்களை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், குடித்தது குறைவு. இப்படி ஒன்றைக் குடித்ததே இல்லை.

வேப்பமரத்தடியில் தனியாகப் பாலில்லாத தேநீரோடு உட்கார்ந்திருந்த நிசாம் நானா மூக்கை உயர்த்தினார். "நோன்பு துறக்கிற நேரத்துப் பேரீச்சம்பழ மணமெல்லோ வருது. தம்பி, கிளாஸை அங்கால தள்ளி வையுங்கோ. மணமும் ஹறாமோ எண்டு பத்வா கேக்க எனக்கு நேரமில்லை."

அருளப்பு அண்ணன் சும்மா இருக்காமல், பொரித்த கட்டா மீன் கருவாட்டை ஒரு தட்டில் கொண்டுவந்து கடித்துக்கொண்டு குடித்தார். நான் பதறினேன். பிறகு நானும் செய்து பார்த்தேன். இத்தாலியர்கள் இதோடு நீலம் பூத்த நாறுகிற பாலாடைக்கட்டியைத் தின்பார்கள். கருவாடு அதை ஓரமாக உட்காரவைத்துவிடும். உப்பும் நாற்றமும் இனிப்போடு சேர்ந்து வாயில் ஒரு கலியாணம் நடந்தது. "இப்பத்தான் இறங்குது" என்றார் அவர்.

றீற்றா அக்கா தன் முன்னால் இருந்த கிளாஸைத் தொடவில்லை. "போத்தல் சாமானுக்கு வாய் வைக்க மாட்டன் எண்டு அப்பாவைத் தேடின அண்டைக்கு நேந்தனான்" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. சும்மா பேச்சுக்காக நான் சொன்னேன்: "அங்க சில ஊர்ல குடிக்கவே மாட்டாங்கக்கா. காஞ்ச பிஸ்கட்டை இதுல நனைச்சுத் தின்பாங்க."

"தோய்ச்சோ?"

"ஆமா."

மெற்றில்டா அக்கா எழுந்துபோய் றஸ்க் எடுத்துவந்தார். றீற்றா அக்கா ஒன்றை உடைத்தார். ஒரு சிறு துண்டின் நுனியைப் பழைய வைனில் தோய்த்து வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மெல்லவில்லை.

"கலியாணப் பூசையில எங்கள் ரெண்டு பேருக்கும் சுவாமி அப்பத்தை ரசத்தில இப்பிடித்தான் தோய்ச்சுத் தந்தவர்" என்றார். "அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான்." இன்னொரு துண்டைத் தோய்த்து ஜெனியிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவரைக் கூப்பிடுங்கோ."

தொலைபேசித் திரையில் லம்பேட் அண்ணனின் முகம் வந்தது. பின்னால் கருப்புக் கல் மதில், காற்று அவர் சட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நான் தொலைபேசியை அக்காவிடம் கொடுத்தேன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"ஏன் எனக்குப் போத்தல் அனுப்பினனீங்கள்?"

"ஏன், பழுதாப் போச்சுதோ?"

"கேட்டதுக்குச் சொல்லுங்கோ."

"அறுப்பு முடிஞ்சா முதலாளி எங்களுக்கு ஆளுக்கொரு போத்தல் தாறவர் றீற்றா. மற்ற ஆக்கள் அண்டைக்கே உடைச்சுக் குடிப்பினம், இல்லாட்டி விப்பினம். கறிக்கு எடுத்த மீனை விக்கிறதோ? வீட்டுக்குத்தானே குடுக்க வேணும்."

அந்தக் கரையில் பிறந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. எனக்கும் தேவையில்லை, எங்கள் பக்கமும் அப்படித்தான். பிடிபட்ட மீனை ஏலத்துக்குக் கொட்டுவதற்கு முன் ஒவ்வொருவனும் வீட்டுக் கறிக்கென்று ஒரு பங்கை ஒதுக்குவான். அதற்கு விலை கிடையாது. கடலில் அன்று என்ன நடந்தது என்பதை அவன் வாயால் சொல்ல மாட்டான். பெண்சாதி அந்த மீனைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

மெற்றில்டா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். றீற்றா அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"கறி மீனை ஆராவது போத்தலுக்குள்ள அடைச்சு அனுப்புவினமோ? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? இத்தினை வருசமா நான் நீங்கள் ரோட்டில விழுந்து கிடக்கிறியள் எண்டெல்லோ கனாக் கண்டுகொண்டு கிடந்தனான்!"

"நானோ? ரோட்டிலயோ?"

"பின்ன! இஞ்ச பாருங்கோ. ஞாயித்துக்கிழமை ஒரு கிளாஸ். என்ர கண்ணுக்கு முன்னால. அதுக்கு மேல ஒரு துளி எண்டாலும் அடுத்த பிளேனில இவளையும் கொண்டு திரும்பி வந்திடுவன்."

இது வருகிறேன் என்று சொல்லும் வாக்கியம் என்பது அண்ணனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அந்த மனுசன் மதிலில் சாய்ந்து, தொப்பியைக் கழற்றி அதைக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டார். "ஓம்" என்று தொப்பிக்குள் இருந்து சொன்னார்.

மிச்சப் போத்தல்களை என்னிடம் யாரும் கொடுக்கவில்லை. றீற்றா அக்காவே அவற்றை ஒவ்வொன்றாக அடியில் படுக்கவைத்து, மேலே நெல்லை அள்ளிக் கொட்டினார். "மச்சான் திரும்பவும் தொட்டா எனக்கு அறிவி" என்று தன் அக்காவிடம் சொன்னார். பிறகு கையில் ஒட்டியிருந்த தும்பைத் தட்டிக்கொண்டே வேப்பமரத்தடிக்குப் போனார்.

"நிசாம் நானா, மன்னாரில படம் எடுக்கிற கடை எத்தினை மணிக்குப் பூட்டுவினம்? பாஸ்போட்டுக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் எடுக்க வேணும்."

"இப்ப வெளிக்கிட்டாப் பிடிக்கலாம். ஏறுங்கோ கெதியா."

ஜெனி அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். மெற்றில்டா அக்கா, தங்கச்சி அந்த நெல்லுத் தும்புச் சீலையோடு படத்துக்கு நின்றால் இத்தாலிக்காரன் உள்ளேயே விடமாட்டான் என்று சொல்லி, தன்னுடைய நல்ல சீலை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு தானும் ஏறினார். ஓட்டோவில் எனக்கு இடமில்லை. அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு வாய்க்கால் ரோட்டில் திரும்பி மறையும்வரை நின்று பார்த்தேன். அருளப்பு அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டு, கருவாட்டுத் தட்டையும் நகர்த்தி வைத்தார்.

"இருங்கோ தம்பி. பொம்பிளையள் வர நேரமாகும்."